ஒருமனதாக அனுமதிக்கப்பட்ட பூஜ்ஜியம்

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. கதவோரம் நிற்கிறவர்களும் உள்ளே வந்து உட்காருங்கள். கால் மடக்க முடியாதவர்கள் தாராளமாக நீட்டிக்கொள்ளுங்கள், ஒன்றும் குறைந்துபோகாது. பூஜ்ஜியத்தைக் கைநீட்டி வாங்கி, அதை என்ன செய்தேன் என்று மாதாமாதம் விளக்கம் எழுதிக்கொடுத்த ஒரு மனுஷனின் கதை சொல்லப்போகிறேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். கோபம் வந்தால் பக்கத்தில் இருப்பவரைக் கிள்ள வேண்டாம், அவர் ஒன்றும் செய்யவில்லை.

அந்த மனுஷன் கம்ப்யூட்டருக்குப் புரிகிற எழுத்து எழுதுகிறவர். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் 'கிழமை' என்று ஒரு சின்ன மென்பொருள் எழுதினார். அதன் வேலை ஒன்றே ஒன்று. ஒரு தேதியைக் கொடுத்தால், அது என்ன கிழமை, வேலை நாளா விடுமுறையா, விடுமுறை என்றால் அடுத்த வேலை நாள் எது என்று சொல்லும். எழுதியதைப் பெட்டியில் வைத்துப் பூட்டாமல், யாரும் படிக்கலாம், எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று உலகறியத் திறந்து போட்டார். அப்படிப் போடுவதற்குத் திறந்தமூலம் என்று பேர்.

திறந்த வீட்டில் நாய் நுழையும் என்பார்கள். இந்தத் திறந்த வீட்டில் ஆஸ்பத்திரி நுழைந்தது, நூலகம் நுழைந்தது, பஸ் பாஸ் கொடுக்கிற ஆபீஸ் நுழைந்தது, பெயர் தெரியாத நாடுகளின் வங்கிகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நுழைந்தன. எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். அவருக்கும் 'கிழமைக்காரர்' என்ற பேர் நிலைத்துவிட்டது. கிடைத்தது அது ஒன்றுதான்.

தேதிதானே, ஒருமுறை எழுதினால் தீர்ந்தது என்று நினைப்பீர்கள். தேதி சும்மா இருக்கும், அரசாங்கம் சும்மா இருக்குமா? ஓரிடத்தில் திடீரென்று விடுமுறை அறிவிப்பார்கள். இன்னோரிடத்தில் புயலுக்கு விட்ட விடுமுறையை ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பிடுங்கி ஈடு கட்டுவார்கள். எங்கோ ஒரு பெரிய மனிதர் கண்ணை மூடினால், அவர் வீட்டார் அழ ஆரம்பிக்கும் முன் இவர் கம்ப்யூட்டரைத் திறந்தாக வேண்டும். மனுஷனுக்கு இருப்புக் கொள்ளாது. உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் விரல் ஆடும், குளிக்கும்போதுகூடக் கதவிடுக்கில் போனைப் பார்ப்பார்.

வீட்டின் முன்னறை மனைவியின் தையல் கடை. துணி வெட்டுகிற நீள மேஜையின் ஒரு மூலையில் இவருடைய கம்ப்யூட்டர்.

"ஏங்க, காலை ஆட்டாதீங்க. மேஜை ஆடுது, நான் போடுற கோடு கோணிக்கிட்டுப் போகுது. அந்தம்மா ஒரு தோள் ஏத்தமா ஒரு தோள் இறக்கமா நடந்தா உங்களைத்தான் கைகாட்டுவேன்."

"எங்கேயோ ஒரு தீவுல நாளைக்கு லீவு விட்டுட்டாங்க."

"விட்டா விடட்டுமே. நமக்கு யாராவது விடுறாங்களா?"

விளையாட்டாகச் சொன்னாலும் அவள் வலது தோளைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆறு மாதமாக அந்தத் தோளில் வலி. மெஷின் மிதிப்பதைப் பாதியாகக் குறைக்கச் சொல்லிவிட்டார் மருத்துவர். வீடு ஓடுவதே அந்தத் தோளின் மேல்தான். முன்பெல்லாம் கிழமைக்காரரும் நாலு இடம் போய்க் கம்ப்யூட்டர் பழுது பார்த்துச் சம்பாதித்தவர்தான். கிழமை வளர வளர அதற்கும் நேரம் இல்லாமல் போயிற்று.

அப்போதுதான் ஒரு கம்பெனி கடிதம் போட்டது. நல்ல வேலை, கைநிறையச் சம்பளம். ஒரே ஒரு நிபந்தனை. கிழமையின் பெயரையும் இனிமேல் சேர்க்கிற விடுமுறைகளையும் எங்களுக்கு எழுதிக் கொடுத்துவிடு, நாங்கள் பூட்டிவைத்துச் சந்தா வாங்கிக்கொள்கிறோம். பழைய எழுத்து திறந்தே கிடக்கட்டும். போன வருடத்து நாள்காட்டி யாருக்கு வேண்டும்? பதில் சொல்லத் தொண்ணூறு நாள்.

"அதுல வேலை நாள் அறுபத்திரண்டு," என்றார் கிழமைக்காரர் உடனே.

அவர் தயங்கியதற்குக் காரணம் ஒரு நர்ஸ். எங்கோ தூரத்துத் தீவு ஒன்றில், சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ரத்தம் சுத்தம் செய்கிற சின்ன நிலையத்தில் வேலை பார்க்கிறவள். 'விடுமுறை வந்தால் எங்கள் ஆட்களுடைய முறை அடுத்த வேலை நாளுக்குத் தள்ளிப்போகிறது. தள்ளக் கூடாது, முந்த வேண்டும். ஒருநாள் தள்ளினால் மூச்சு முட்டுகிறது' என்று எழுதியிருந்தாள். இவர் அன்றைக்கே மாற்றிக் கொடுத்தார். 'இந்த மாதம் எல்லாரும் நேரத்துக்கு வந்தார்கள்' என்று பதில் வந்தது. சந்தா கட்ட அந்த நிலையத்துக்கு வக்கில்லை. பூட்டினால் அவர்களுக்கும் சேர்த்துத்தான் பூட்டு.

ஆக, கண்ணுகளா, மனுஷனுக்கு வேண்டியது இவ்வளவுதான். கிழமை திறந்தே இருக்க வேண்டும், வீட்டுக்குச் சம்பளமும் வர வேண்டும். மனைவி தோள் கொஞ்சம் ஆற வேண்டும். இது பேராசையா? நீங்களே சொல்லுங்கள்.

அவர் போன இடம் 'திறந்தமூலம் பேணுவோர் நல வாரியம்'. இப்படிப்பட்டவர்களுக்கு உதவுவதற்கென்றே அரசாங்கம் கட்டிய ஆறு மாடி. வாசலில் 'திறந்த மனம், திறந்த மூலம், திறந்த கதவு' என்று பொன்னெழுத்து. கதவு பூட்டியிருந்தது. பக்கத்துச் சந்தில் போய், காவலாளியிடம் பெயர் எழுதி, நான்காம் ஜன்னலுக்கு வந்து சேர்ந்தார். ஜன்னலுக்குப் பின்னால் மார்பு வரைக்கும் ஒரு எழுத்தர் தெரிந்தார்.

"போன வருஷம் உங்க சாஃப்ட்வேர்ல எத்தனை கோளாறு வந்துச்சு?"

"ஒண்ணும் வரலைங்க."

எழுத்தர் முகம் வாடிவிட்டது. "அப்ப என்ன வேலை செஞ்சீங்க?"

"கோளாறு வராம பாத்துக்கிட்டேன்."

"சரி. வராததுக்கு ஆதாரம் கொண்டு வாங்க."

கிழமைக்காரர் வீட்டுக்கு வந்து நாலு நாள் உட்கார்ந்து, எந்தெந்தத் தேதியில் எந்தெந்த நாட்டில் ஒன்றும் நடக்கவில்லை என்று இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் அச்சடித்துக்கொண்டு போனார். எழுத்தர் அதைப் படிக்கவில்லை. இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். "நல்ல கனம்," என்று முத்திரை குத்தினார்.

"மேலதிகாரி கையெழுத்து இல்லையே?"

"எனக்கு மேலதிகாரி கிடையாதுங்க."

"அப்ப இதைச் செய், அதைச் செய்னு உங்ககிட்ட யார் சொல்றா?"

"யார் வேணாலும் சொல்லலாம். உலகத்துல யார் கேட்டாலும் பார்ப்பேன்."

"அப்ப உலகத்துல யார் வேணாலும் கையெழுத்துப் போட்டுக் கொண்டு வாங்க."

மனுஷன் தெருவில் நின்று யோசித்தார். வீட்டுக்கு எதிரே மச்சினனின் சைக்கிள் கடை, அதை ஒட்டி முடிதிருத்துகிறவர் கடை. இரண்டு பேரிடமும் காகிதத்தை நீட்டினார்.

"மாமா, நான் உங்களுக்கு மேலதிகாரியா?" மச்சினன் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தினான். "இது தெரிஞ்சிருந்தா அக்கா கல்யாணத்தப்பவே கொஞ்சம் மிரட்டியிருப்பேனே!"

"போடுடா பேசாம."

எழுத்தர் கையெழுத்துகளை உற்றுப் பார்த்தார். "இவங்க யாரு?"

"ஒருத்தர் சைக்கிள் கடை. ஒருத்தர் முடிதிருத்தகம்."

"யாரோ ரெண்டு பேர். விதிப்படி சரியா இருக்கு," என்று இன்னொரு முத்திரை விழுந்தது. வேலை நாள் முப்பத்தொன்பது மீதி.

குழு முன்னால் நேர்காணல். நடுவில் வாரியத் தலைவர், வலப்பக்கம் பொருளாளர், இடப்பக்கம் இளகிய மனசு உள்ள ஓர் உறுப்பினர். அந்த அம்மா கடைசிவரை இவரைப் பாவமாகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கள் சேவை மகத்தானது," என்றார் தலைவர். "எங்கள் வருகைப் பதிவு மெஷினே கிழமையில்தான் ஓடுகிறது. மானிய விதி எளிது. மென்பொருளின் விலையில் எண்பது சதவீதத்தை மாதாமாதம் வாரியம் தரும். விலை என்ன?"

"விலை இல்லைங்க. திறந்து போட்டதுனால இலவசம்."

பொருளாளர் கால்குலேட்டரை எடுத்தார். தட்டினார். "பூஜ்ஜியம்."

"வெளிப்படைத்தன்மைக்காக இன்னொரு தடவை."

"பூஜ்ஜியம்தான்."

இளகிய மனசு பொறுக்கவில்லை. "ஐயா, இவர் வீட்டுக் கஷ்டத்தை மனுவில் எழுதியிருக்கிறார். மனைவிக்குத் தோள்வலி. விதியைக் கொஞ்சம் தளர்த்தித் தொண்ணூறு சதவீதமாகக் கொடுக்கலாமே?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டினார். "முன்னுதாரணம் இல்லை. ஆனால் மனிதாபிமானம் என்று ஒன்று இருக்கிறதே. தொண்ணூறு!"

மூன்று பேரும் கைதூக்கினார்கள். பொருளாளர் மறுபடி தட்டினார். தொண்ணூறு சதவீதப் பூஜ்ஜியம் ஒருமனதாக அனுமதிக்கப்பட்டது.

வீட்டில் மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். "என்னங்க, எவ்வளவு?"

"பூஜ்ஜியம். ஆனா தொண்ணூறு சதவீதம்."

நூல் கோப்பதை நிறுத்திவிட்டு அவள் கணவனைப் பார்த்தாள். "வெயில்ல நடந்து வந்தீங்களா? தண்ணி குடிச்சிட்டு இன்னொரு தடவை சொல்லுங்க."

மானியம் வாங்கியவர்கள் மாதாமாதம் கணக்கு அறிக்கை கொடுக்க வேண்டும் என்பது விதி, அவரும் எழுதிக் கொடுத்தார். அடுத்த மாதம் பயனாளிகளுக்குப் பாராட்டு விழா. பெரிய அரங்கம், குளிர் அப்படியே எலும்பில் இறங்கியது. கிழமைக்காரருக்கு ஒரு பதக்கம், கம்ப்யூட்டரில் ஒட்ட ஒரு ஸ்டிக்கர், வாரியத்தின் பெயர் போட்ட ஒரு குடை. குடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முதல் வரிசையில் கால் ஆட்டியபடி உட்கார்ந்திருந்தார். தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"நண்பர்களே! இந்தப் பேணுவோர் பணத்துக்காக உழைக்கிறவர்கள் அல்ல. காற்று காசு கேட்கிறதா? மரம் ரசீது கொடுக்கிறதா? இந்தத் தூய்மையைக் காப்பதற்காகத்தான் வாரியம் இருக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு எங்கள் செலவு இரட்டிப்பாகிறது. ஆட்கள் இரட்டிப்பாகிறார்கள். போன ஆண்டு இரண்டு மாடி கூட்டினோம். ஆனால் பெருமையோடு சொல்கிறேன், அந்தப் பணத்தில் ஒரு துளிகூட இவர்கள் மேல் பட்டு இவர்களைக் கறைப்படுத்தியதில்லை! நாங்கள்தான் அந்தக் கறையைத் தாங்குகிறோம். இவர்களுக்காகத் தாங்குகிறோம்!"

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. சில ஊழியர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "அது மட்டுமல்ல," என்று தலைவர் குரலை உயர்த்தினார். "ஓய்வில்லாமல் உழைக்கும் பேணுவோரைக் கௌரவிக்க, வருகிற புதன்கிழமையைப் 'பேணுவோர் ஓய்வு நாள்' என்று அறிவிக்கிறேன். அன்றைக்கு வாரிய ஊழியர்கள் அனைவருக்கும் விடுமுறை!"

கிழமைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் மரியாதைக்காக என்று நினைத்து அவர்களும் எழுந்தார்கள். இவர் மனதில் ஓடியது வேறு. வாரியத்தின் மெஷினுக்குப் புதன்கிழமை விடுமுறை என்று யாராவது சொல்ல வேண்டுமே! யார் சொல்வது? இவர்தான்.

வீட்டுக்கு ஓடினார். ஐந்து நிமிட வேலை. விரல் விசைமேல் இருக்கும்போது, மானியத்தோடு வந்த நிபந்தனைத் தாள் கண்ணில் பட்டது. ஏழாவது விதி: 'மானியம் பெற்ற மென்பொருளில் வாரியம் சம்பந்தப்பட்ட எந்த மாற்றமும் தலைவரின் முன் அனுமதி இன்றிச் செய்யலாகாது.' மற்ற நாடு, மற்ற ஊர் எதையும் தொடலாம். வாரியத்தைத் தொடக் கூடாது. மறுநாள் காலை நான்காம் ஜன்னலில் போய் நின்றார்.

"அனுமதி மனு கொடுங்க. பத்து வேலை நாள்ல வரும்."

"லீவு புதன்கிழமைங்க. நாலு நாள்தான் இருக்கு."

"அவசர மனுவா கொடுங்க."

"அவசரம்னா எத்தனை நாள்?"

"அவசரம்னு தீர்மானிக்கப் பத்து வேலை நாள்." எழுத்தர் இன்னொரு தாளை நீட்டினார். "நீங்க வந்ததும் நல்லதாப் போச்சு. போன மாச அறிக்கையில தப்பு. வரவு பூஜ்ஜியம், செலவு பூஜ்ஜியம், மீதி பூஜ்ஜியம்னு போட்டிருக்கீங்க. மீதியை ஏன் திருப்பிக் கட்டலை?"

"பூஜ்ஜியத்தையா?"

"ஆறாம் ஜன்னல். ரசீது வாங்கிடுங்க."

ஆறாம் ஜன்னலில் அவருக்கு முன்னால் எட்டுப் பேர். எல்லாரும் மென்பொருள் எழுதுகிறவர்கள், எல்லாரும் பூஜ்ஜியம் கட்ட வந்தவர்கள். ஒருவர் சில்லறை இல்லை என்று சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. வெகு ஒழுங்காக வரிசை நகர்ந்தது.

புதன்கிழமை வாரிய ஊழியர்கள் பேணுவோருக்காக ஓய்வெடுத்தார்கள். வியாழக்கிழமை திரும்பி வந்து மெஷினில் விரல் வைத்தார்கள். கிழமையைப் பொறுத்தவரை புதன் வேலை நாள். தலைவர் முதல் காவலாளி வரை நாற்பத்துமூன்று பேரும் சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்கு வராதவர்கள். மெஷின் எல்லாருக்கும் விளக்கம் கேட்டு ஓலை அனுப்பியது. தலைவருக்குத் தலைவரே கையெழுத்திட்ட ஓலை வந்தது. அவரும் பண்பாக, 'தங்கள் கடிதம் கண்டேன், வருந்துகிறேன்' என்று தமக்கே பதில் எழுதினார். அந்தப் பதில் திருப்தி இல்லை என்று தம்மை எச்சரிக்கவும் செய்தார். விளக்கம் ஏற்கப்படும் வரை நாற்பத்துமூன்று பேருக்கும் சம்பளம் நிறுத்தம்.

மறுநாள் மூச்சு வாங்க ஒருவர் தையல் கடைக்குள் நுழைந்தார். நான்காம் ஜன்னல் எழுத்தர்! ஜன்னல் இல்லாமல் அவரைப் பார்ப்பது கிழமைக்காரருக்கு அதுதான் முதல் தடவை. அவருக்குக் காலும் இருந்தது.

"சார், எப்படியாவது சரி பண்ணிடுங்க. வீட்டுல என்னை நாய்கூட மதிக்கலை."

"அனுமதி கொடுங்க. அஞ்சு நிமிஷம்."

"தலைவர்தான் கொடுக்கணும். மெஷின் அவரை வேலைக்கு வராதவர்னு வச்சிருக்கு. வராதவர் கையெழுத்து செல்லாது."

"அப்ப?"

எழுத்தர் குரலைத் தாழ்த்தினார். "பழுதுன்னு போட்டுட்டா வழி இருக்கு. பழுதுக்கு அனுமதி வேண்டாம். வேற கட்டிடத்துல கொள்முதல் பிரிவு இருக்கு, வருஷ ஒப்பந்தம் போட்டு மாசாமாசம் பணம் கொடுப்பாங்க. பழுதுக்கு நிதி கொட்டிக் கிடக்கு சார். பேணுறதுக்குத்தான் பூஜ்ஜியம்."

கிழமைக்காரரின் கால் நின்றுவிட்டது. மேஜைகூட ஆச்சரியப்பட்டிருக்கும். "நான் ஒப்பந்தம் எடுத்துக்கறேன்."

"நீங்க எடுக்க முடியாது. நீங்க பயனாளி."

"எனக்கு வந்தது பூஜ்ஜியம்யா!"

"தொண்ணூறு சதவீதம் வாங்கியிருக்கீங்களே."

"அதைத்தான் திருப்பிக் கட்டிட்டேனே. ரசீது இருக்கு."

"அதனாலதான் சார் உறுதியாத் தெரியுது, நீங்க வாங்கினீங்கன்னு."

அதுவரை பேசாமல் துணிக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்த மனைவி சாக்கட்டியைக் கீழே வைத்தாள். "ஏன் தம்பி, அப்ப யாருதான் எடுக்கலாம்?"

"பதிவு பண்ணின கடை எதுவா இருந்தாலும் சரிங்க. வாசல்ல பலகை இருக்கணும். மூணு கடை கொட்டேஷன் வேணும். குறைஞ்ச தொகை போட்டவங்களுக்குக் கொடுப்பாங்க."

"கம்ப்யூட்டர் கடையா இருக்கணுமா?"

"விதியில தொழில் என்னன்னு கேட்கலைம்மா. பலகை இருக்கான்னுதான் கேட்டிருக்கு."

மனைவி விரலை மேலே காட்டினாள். எழுத்தர் வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்தார். மகளிர் தையலகம், பதிவு எண், திறக்கும் நேரம், மூடும் நேரம். அவர் கண்ணில் நீர் திரையிட்டது. "எவ்வளவு தெளிவா இருக்கு!" என்றார்.

வேலை நாள் ஐந்து மீதி. மச்சினனைக் கூப்பிட்டார்கள்.

"எவ்வளவு போடணும் மாமா?"

"உனக்குக் கிடைக்காத அளவுக்குப் போடு."

"எனக்குக் கல்யாணத்துக்குப் பொண்ணு கேட்டப்ப எங்கப்பாவும் இப்படித்தான், கிடைக்காத அளவுக்கே கேட்டாரு," என்று எழுதிக் கொடுத்தான்.

சிக்கல் முடிதிருத்துகிறவரிடம் வந்தது. அவர் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தார், கொட்டேஷன் தாளைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. "தேதி பாக்குற வேலையா? தினம் காலையில ஒரு தாள் கிழிக்கிறேன், முப்பது வருஷமா ஒருநாள் தப்பினதில்லை. இதுக்கு இவ்வளவு பணமா? நானே செஞ்சிடுறேன்!"

"அண்ணே, இது அந்தத் தேதி இல்லை..."

"எல்லாத் தேதியும் ஒண்ணுதான் தம்பி," என்று, தையல் கடை போட்டதில் பாதித் தொகையை எழுதி அவரே நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

அன்றிலிருந்து கிழமைக்காரர் உட்காரவில்லை. மேஜைக்கும் வாசலுக்கும் நடந்தார், வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்தார். கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்து, 'நாளை மாலை ஐந்து மணி, அதோடு சரி' என்று இனிமையாகச் சொன்னாள். மனைவி தோளில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தபடி மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றவர், போய்க் கம்ப்யூட்டரில் 'சம்மதம்' என்று கடிதத்தைத் தட்டி வைத்தார். அனுப்பவில்லை. அவ்வளவுதான் பாக்கி.

"எழுதிட்டீங்களா?" என்றாள் திரும்பாமலே.

"உன் தோள் இப்படி இருக்கும்போது நான் வேற என்ன செய்ய?"

"என் தோளைச் சாக்கு வச்சு எழுதிக் கொடுக்காதீங்க. அப்புறம் ஒவ்வொரு தடவை இதைப் பாக்கும்போதும் அந்த நர்ஸம்மா ஞாபகம் வரும் உங்களுக்கு. எனக்குத் தோள்வலி போதும், உங்க மூஞ்சியையும் பாத்துக்கிட்டு இருக்க முடியாது." ஒத்தடத் துணியைப் பிழிந்தபடி, "ஆனா வேற வழி இல்லைன்னா அனுப்பிடுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்," என்றாள்.

மறுநாள் தொண்ணூறாவது நாள். மூன்று மணி. மூன்றரை. நாலு. கடிதம் திரையில் காத்துக் கிடந்தது, விசை விரலுக்குக் கீழே. நாலேகாலுக்கு எழுத்தர் வந்தார். இந்தத் தடவை நடந்து வரவில்லை, மச்சினன் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்தார்.

"முடிதிருத்தகத்தைத் தள்ளிட்டாங்க! கடைப் படம் கேட்டிருந்தோம்ல, அதுல ஒருத்தர் பாதி சவரத்தோட உட்கார்ந்திருக்கார். எடுத்த வேலையை முடிக்காத நிறுவனம்னு குறிப்பு எழுதிட்டாங்க. உங்களுக்குத்தான்மா ஒப்பந்தம்!"

"மாசாமாசம் வருமா?" என்றாள் மனைவி.

"முன்பணமே வரும்மா. இப்ப மெஷினைத் தொட உங்க கடை ஆள் ஒருத்தர் வேணும். நியமனக் கடிதம் உண்டா?"

அவள் பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்தாள். 'இவரை இன்று முதல் கடை உதவியாளராக நியமிக்கிறேன்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, கணவனிடம் நீட்டினாள். "சம்பளம் ஒண்ணாந்தேதி. ஒழுங்கா வேலை செய்யணும்."

கிழமைக்காரர் அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கினார். முதலில் வாரியத்தின் புதன்கிழமையைத் திருத்தினார், நாற்பத்துமூன்று பேர் உயிர்பெற்றார்கள். பிறகு திரையிலிருந்த 'சம்மதம்' என்ற சொல்லை அழித்து, 'மன்னிக்கவும், எனக்கு ஒரு தையல் கடையில் வேலை கிடைத்துவிட்டது' என்று எழுதிக் கம்பெனிக்கு அனுப்பினார். நேரம் நாலு ஐம்பத்திரண்டு.

வாரியத்தின் புதிய ஒப்பந்ததாரரைப் பார்க்க அடுத்த மாதம் தலைவரே வந்தார், பின்னால் இரண்டு போட்டோக்காரர்கள். மனைவியோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். "அம்மா, உங்களைப் போன்றவர்கள் திறந்தமூலத்தைத் தாங்குவதால்தான் நாடு ஓடுகிறது," என்றார். பிறகு மேஜை மூலையில், ஒரு கையால் சட்டைக்குப் பொத்தான் எடுத்து வைத்துக்கொண்டு மறுகையால் கம்ப்யூட்டரில் எங்கோ ஒரு தீவின் விடுமுறையைச் சேர்த்துக்கொண்டிருந்த மனுஷன் மேல் அவர் பார்வை விழுந்தது. எங்கோ பார்த்த முகமாகத் தோன்றியது போல. நினைவுக்கு வரவில்லை.

"இவர்?"

"கடை ஆளுங்க," என்றாள்.

தலைவர் கிழமைக்காரரின் தோளில் அன்போடு கைவைத்தார். "தம்பி, சம்பளத்துக்கு மட்டும் வேலை செய்து காலத்தை ஓட்டாதீர்கள். ஓய்வு நேரத்தில் உலகத்துக்காக ஏதாவது இலவசமாகச் செய்யுங்கள். இந்த அம்மாவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்."

"சரிங்க," என்றார் கிழமைக்காரர். தீவுக்கு மறுநாள் விடுமுறை. நர்ஸின் ஆட்களுடைய முறை ஒருநாள் முந்தியது. அதைச் சரிபார்த்துவிட்டு, அடுத்த பொத்தானை எடுத்தார்.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் ஊர் அறியாமல் உழைக்கிற கை எதுவோ, அந்தக் கைக்குக் கேட்கும் முன்னே கூலி வந்து சேரட்டும். கொடுக்கிறவர் உங்களை முழு ஆளாகப் பார்க்கட்டும். உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல், தோள் நோகாமல், கதவு பூட்டாமல் வருடம் முழுக்க நல்ல நாளாகவே விடியட்டும்.